பைக்குள் கிடந்த ஃபுட்வால்வு

என் கைபேசிக்கு வரும் அழைப்புகளில் பத்தில் ஒன்பது, எங்கேயோ எதுவோ கெட்டுப்போனதால் வருபவை. பத்தாவது தவறான எண். நலம் விசாரிப்பும் ஊர்வம்பும் மற்றவர்களுக்கு, எனக்கு "ஒண்ணு வந்துட்டுப் போவியா?" மட்டும்தான். எங்கள் மாவட்டத்தில் இந்த 'ஒண்ணு'க்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் கிடையாது. கொஞ்சம், ஒரு தடவை, உனக்கு முடிந்தால், ஆனால் இப்போதே என்று இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கேட்ட பிறகு மறுக்க முடியாது. நானும் மறுத்ததில்லை.

நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். குடுவை கழுவுவதும் அமிலம் அளந்து வைப்பதும்தான் என் வேலை என்று நியமன உத்தரவு சொல்கிறது. அந்தக் காகிதத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினால் நான். பிரேயர் நேரத்தில் மைக் கூவினால் நான். தலைமையாசிரியர் அறையில் ஏசி சொட்டினால் கீழே வாளி வைப்பவனும் நான்தான். என் கை படாத மின்விசிறி அந்தக் கட்டிடத்தில் இல்லை. ஓர் ஆண்டு விழாவில் ஆசிரியர், அலுவலர் அத்தனை பேரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அப்போது நான் மேடைக்கு அடியில் குனிந்து, விளக்குக்குப் போகும் தளர்ந்த வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் எல்லோர் முகமும் பளிச்சென்று இருக்கிறது. அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் ஆணியடித்து மாட்டியதும் நான்தான்.

வீடு சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி. மனைவி குவைத்தில் நர்ஸ். மகள் பிளஸ் டூ முடித்ததும் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் நான் மட்டும். தனியாள் இருக்கும் வீட்டில் எதுவும் கெடுவதில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு குழாயை ஒருவன் எத்தனை தரம் திறப்பான்? மிக்ஸி ஓடுவது வாரத்துக்கு ஒருநாள். வேறு வேலை இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டேன். அதுவரை கதவாவது கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தின புத்திசாலி நான்.

சாயங்காலம் அவர்கள் வீடியோவில் வருவார்கள். ஒருநாள் வாஷிங் மெஷின் தண்ணீர் வடிக்கவில்லை என்று மகள் சொன்னாள். எனக்கு ஒரே உற்சாகம். "போனைக் கீழ கொண்டு போ மக்கா, முன்னால சின்னதா ஒரு மூடி இருக்கும் பாரு" என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தில் ஒரு பொறுமை தெரிந்தது. "அப்பா, இங்க மெயின்டனன்ஸ்ல சொன்னா பத்து நிமிஷத்துல ஆள் வந்துருவாங்கப்பா" என்றாள். சரி மக்கா என்றேன். பிறகு பேச விஷயம் இல்லாமல், அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். குவைத்தில் வெயில் எப்படி இருக்கும் என்பது உலகத்துக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனைவி வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அவன் எந்த வீட்டுப் படியேறினாலும் நாலு கண்கள் கூடவே ஏறும். கையில் ஸ்பேனர் பை இருந்தால் மட்டும் அந்தக் கண்கள் திரும்பிக்கொள்ளும். என்னுடையது பழைய ராணுவப் பச்சை நிறப் பை. பல இடங்களில் எண்ணெய்க் கறை. அது தோளில் தொங்கினால் யார் வீட்டு அடுக்களைக்குள்ளும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் போனதில்லை. யாரும் அழைத்ததும் இல்லை.

அப்படித்தான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் பெங்களூரில். கருங்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். எத்தனையோ வருடம் ஆகியும் பேச்சில் அந்தப் பக்கத்து இழுவை போகவில்லை. தண்ணீரை இன்னும் வெள்ளம் என்பார். சர்ச்சில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "மோட்டரு ஓடுது மக்கா, வெள்ளம் மட்டும் வரல்ல. ஒண்ணு வந்து பாப்பியா?" என்று போனில் விளித்தார்.

போய்ப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட்வால்வு என்று ஒரு சாமான் உண்டு. மேலே ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்தால் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்கே போய்விடும். மோட்டார் காற்றைக் குடித்துக்கொண்டு வெறுமனே சுற்றும். அன்றைக்கு என்னிடம் மாற்று வால்வு இல்லை. மோட்டார் தலையிலிருந்த மூடியைத் திருகி எடுத்து, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, மூடி, சுவிட்சைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. வால்வு வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல நினைத்துக்கொண்டே கை கழுவினேன்.

அப்போது டீச்சர் கேட்டார், "இன்னைக்கு ஒனக்கு வீட்டுல என்ன கூட்டான்?"

சோற்றுக்கு என்ன குழம்பு என்கிற சாதாரணக் கேள்விதான். எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட ஒருவரை ஒருவர் இதைக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் என்னை யாரும் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் "செரியாயிட்டா?" என்றுதான் முடியும். தயிர் இருக்கிறது டீச்சர் என்றேன். "தயிரு ஒரு கூட்டானா?" என்று சொல்லி உள்ளே போய், மரச்சீனிக்கிழங்கு அவித்ததும் சாளை மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடியும்வரை எதிரே உட்கார்ந்து, பேப்பரில் வந்த ஒரு செய்தியைக் குறித்து என்னோடு சண்டை போட்டார். நான் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டுத்தான் விட்டார். வால்வைப் பற்றிச் சொல்ல மறந்து வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக அன்றைக்கு மறதிதான்.

அந்த வாரமே கோட்டாரில் ஒரு சாமான் கடையில் பித்தளை ஃபுட்வால்வு ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டேன். மூன்று வாரம் கழித்து டீச்சர் மறுபடி விளித்தார். பையோடு போனேன். ஒரு ஆளைத் துணைக்குக் கூப்பிட்டுக் குழாயை மேலே இழுத்தால் அரை மணி நேர வேலை. மூடியைத் திறந்தேன், தண்ணீர் ஊற்றினேன், மூடினேன். வால்வு பைக்குள்ளேயே கிடந்தது. ஏன் எடுக்கவில்லை என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

இப்படிப் பத்து மாதம். சில தரம் மூன்று வாரம் பிடிக்கும், சில தரம் பத்து நாளில் விட்டுவிடும். விளித்ததும் நான் போவேன். மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற ஐந்து நிமிடம். பேச்சு ஒரு மணி நேரம். குவைத்தில் என்ன விசேஷம் என்று கேட்பார். மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை என்று நான் அவரிடம்தான் முதலில் சொன்னேன், என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒருநாள், "நீ எத்தனை தடவதான் ஓடி வருவ? எனக்குச் சொல்லித் தா, நானே ஊத்திக்கிடுகேன்" என்றார். கணக்கு டீச்சர், ஒருதரம் காட்டினால் போதும். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "கரண்டு சாமான் டீச்சர், நீங்க தொடாதீங்க" என்றேன். அவர் நம்பினார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் சொன்னவற்றில் எல்லாம் மோசமான பொய் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாசி மாதம் செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். காலை முதல் மாலை வரை ஆய்வகத்தை விட்டு நகர முடியாது. முதல் நாள் காலையிலேயே டீச்சர் விளித்துவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்க டீச்சர், முடிச்சிட்டு வாறேன்" என்றேன். "நீ ஒனக்க சோலியப் பாரு மக்கா, ஒண்ணும் தெரக்கு இல்ல, மெதுவா வா" என்றார். வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

இரண்டாம் நாள் தொட்டி காலியாகிவிட்டது. டீச்சர் பழைய கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போயிருக்கிறார். மூன்றாவது வாளியைத் தூக்கித் திரும்பும்போது பாசியில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு விஷயம் தெரியும்போது நான் பிப்பெட்டுகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் பதற்றமே இல்லை. ஒன்றுகூட உடையவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

பெங்களூரிலிருந்து மகன் வந்தார். வந்த மூன்றாம் நாளே கிணற்றுக்குள் இறக்குகிற புது மோட்டாருக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மாட்டுகிற அன்றைக்கு நானும் போனேன், எப்போதும்போல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு. "அண்ணே, ஒங்களுக்கு இனி ஒரு தொல்லையும் இல்ல. எத்தன தடவ ஓடி வந்திருக்கிய" என்று மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிள்ளை. டீச்சர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாட்ட வந்த ஆள் பழைய குழாயை மேலே இழுத்துப் போட்டார். அடியிலிருந்த வால்வைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்க ரப்பர் மட்டும்தான் போயிருக்கு. இத மாத்தியிருந்தா அந்த மோட்டர் இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும். இதுவரைக்கும் யாரு பாத்தது?" என்று கேட்டார்.

டீச்சர்தான் பதில் சொன்னார். "ஆனைக்கும் அடி சறுக்கும் கேட்டியா? அவன் பாவம், தெரிஞ்சத செய்தான். அவனை ஒண்ணும் சொல்லாத."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி அல்ல, கோபம். எனக்கா ஃபுட்வால்வு தெரியாது? ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதே மோட்டார் பிரித்தவன் நான். தோளில் தொங்கிய பைக்குள் புது வால்வு இருக்கிறது. எடுத்து அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும்போல் இருந்தது. நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. ஒன்றும் தெரியாதவன் என்ற பெயரை எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம். கெட்டிக்காரன் என்ற பெயர் வேண்டுமென்றால் அயோக்கியன் என்ற பெயரும் கூடவே வரும்.

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. மகன் பெங்களூருக்குத் திரும்பிப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் போனேன். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, வால்வை மட்டும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். டீச்சர் கதவைத் திறந்து என் தோளைப் பார்த்தார். "என்ன, பையி இல்லாம வந்திருக்க? இங்க ஒண்ணும் கெட்டுப் போவல்லியே" என்று சிரித்தார். எப்போதும் என்னை அடுக்களை ஸ்டூலில்தான் உட்கார வைப்பார். அன்றைக்கு முன்னறையில் சோபாவைக் காட்டினார். வீட்டு வேலைக்கு வைத்திருந்த அக்காள் தட்டில் பிஸ்கட்டும் சாயாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

துணியைப் பிரித்து வால்வை மேசைமேல் வைத்தேன்.

"இது என்னது?"

"ஃபுட்வால்வு டீச்சர். போன வருசம் வாங்குனது. ஒங்க மோட்டருக்கு."

டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையால் எடுத்து, கனத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். "எத்தன மாசம் பையில கெடந்தது?"

"பத்து."

"அந்த ஆளு சொன்னது இதைத்தானா? ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

பிறகு அவர் ஏன் என்று கேட்டார். கத்தவில்லை. வகுப்பில் தவறான விடை எழுதிய பிள்ளையிடம், எந்த வரியில் தப்பு விட்டாய் என்று கேட்பதைப்போல் கேட்டார். நான் பல பதில்கள் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "நீங்க என்ன கூட்டான்னு கேப்பிய" என்றேன். ஐம்பது வயதுக்கு மேலான ஒரு மனுஷன் சொல்கிற பதிலா இது? சொல்லி முடிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் அழவில்லை. "அதுக்கு ஒரு வீட்டுல வெள்ளத்த நிறுத்துவியா?" என்றார். "பிள்ளையையும் கிள்ளி விட்டுட்டு தொட்டிலையும் ஆட்டியிருக்க, பத்து மாசமா. நான் ஒன்ன நெனச்சி ஜெபம் பண்ணுவேன், தெரியுமா? அலஞ்சி அலஞ்சி வாறானேன்னு."

"சும்மா வந்தா ஆளுவ என்ன சொல்லுவாவளோன்னு நெனச்சேன் டீச்சர்."

"ஆளுவ சொல்லது பெரிசு ஒனக்கு. எனக்க கை பெரிசு இல்ல."

கரண்டு என்று சொன்னதும் பொய்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை ஒடிந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாழ்நாளெல்லாம் சொல்லிக் கொடுத்தவரிடம், உங்களுக்கு இது வராது என்று சொல்லியிருக்கிறேன். "எடுத்துட்டுப் போ இத" என்று வால்வைக் காட்டினார். எடுத்துக்கொண்டேன். சாயா ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவர் என்னை வழியனுப்ப எழுந்திருக்கவில்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியுமென்றால், அழைப்புகள் குறையவில்லை. அதே தெருவிலிருந்து, அவருடைய அடுத்த வீட்டிலிருந்துகூட, ஒண்ணு வருவியா என்று விளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். போகிறேன். இப்போதெல்லாம் ஒரு தரத்திலேயே முழுதாகச் செய்து முடித்துவிடுகிறேன். மாற்ற வேண்டியதை மாற்றாமல் வருவதில்லை. அதனால் அந்த வீடுகளிலிருந்து மறுபடி அழைப்பு வர வருடக்கணக்காகும். நான் நல்லவனாகிவிட்டேன் என்று பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. என் கைத்திறனை ஊர் முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிறது, என்னைத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் இப்போது விளிப்பதில்லை. மோட்டார் நன்றாக ஓடுகிறதாம். அவருடைய அடுத்த வீட்டுக்காரர் சொன்னார்.

போன மாதம் மளிகைக் கடையில் டீச்சரைப் பார்த்தேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை போலிருக்கிறது. ஊறுகாய் பாட்டில் ஒன்றை வாங்கி, இடது கையால் முறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. நான் ஒரு எட்டுத் தள்ளி நின்றேன். டீச்சர் பாட்டிலைக் கடைக்காரரிடம் நீட்டி, "மூடிய கொஞ்சம் இளக்கித் தா மக்கா, வீட்டுல போய் எனக்குத் தொறக்க முடியாது" என்றார். கடைக்காரர் அப்போதுதான் எண்ணெய் அளந்து ஊற்றியிருந்தார். இரண்டு கையிலும் எண்ணெய். "அண்ணன் நிக்காவல்லா டீச்சர், அவுககிட்ட குடுங்க, ஒரு நொடியில தொறந்திருவாவ" என்றார்.

நான் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றார் டீச்சர், கடைக்காரரிடம். "நீ கையக் கழுவிட்டு வந்து செய்யி. நான் நிக்குகேன்."

கடைக்காரர் உள்ளே போனார். சோப்புத் தேடி அவர் கை கழுவி வரும்வரை, மேசைமேல் இருந்த அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.